சங்கு நின்ற பிறகும் தங்கவயல்

ஆதம்பாக்கத்துல இருந்து பேசுறேன். கோலார் தங்கவயல்னாலே இப்போ சினிமாதான் ஞாபகம் வருது. எனக்கு அது கர்நாடகத்துக்குள்ள இருக்கிற ஒரு தமிழ் ஊர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, வட ஆர்க்காடு பக்கத்து ஜனங்க, பெரும்பாலும் தலித் மக்கள், அங்கே வேலைக்குப் போனாங்க. 1902-லேயே சுரங்கத்துக்குக் கரண்ட் வந்தாச்சு! சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல ஆழம். உள்ளே பாறை வெடிச்சா, மேலே லைன் வீடுகள் அதிரும். யார் வீட்டு ஆளோன்னு தெருவே பதறும்.

2001 பிப்ரவரி 28-ல் மூடிட்டாங்க. சயனைடு மண்மேடு மட்டும் அப்படியே நிக்குது, காத்தடிச்சா தூசி வீட்டுக்குள்ள. ஆனாலும் ஜனங்க ஊரை விடலை. விடியறதுக்குள்ள மாரிக்குப்பத்துல ரயிலேறி பெங்களூருல வேலை பார்த்துட்டு, ராத்திரி அதே லைன் வீட்டுக்குத் திரும்புறாங்க.