எண்ணிக்கையில் சிறியவர்கள், வாக்குப் பெட்டியில் பெரியவர்கள்: மோர்மன்களும் கலிபோர்னியாவின் எட்டாம் தீர்மானமும்

(ஞாயிறு மாலைக் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. இப்படி இரண்டு இரண்டு பேராக நடந்து போகும் இளைஞர்களை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். நின்று பணிவாகப் பேசுவார்கள். மோர்மன்கள் என்று சொல்கிறோமே, அவர்கள்தான். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அவர்கள் சபையின் முழுப்பெயர். தலைமையகம் அமெரிக்காவில், உட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. அமெரிக்கர்களில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர்தான் மோர்மன்கள்.

அவர்களுடைய மதத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாமா என்ற கேள்வி அமெரிக்காவில் எழுந்தபோது இந்தச் சிறிய சமூகம் என்ன செய்தது, அதன் பிறகு அவர்களுக்கு என்ன நேர்ந்தது, அதைத்தான் சொல்லப் போகிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அந்தத் திருமணத்தை ஏற்பவர்களும் இருப்பீர்கள், காதால் கேட்கவே கூச்சப்படுகிறவர்களும் இருப்பீர்கள். இரு சாராரும் கேளுங்கள். சிறுபான்மையாய் வாழ்கிற எவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் பழைய கதை. ஜோசப் ஸ்மித் என்பவர் 1830-இல் இந்தச் சபையைத் தொடங்கினார். போன இடமெல்லாம் விரட்டினார்கள். 1838-இல் மிசூரி மாநில ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மோர்மன்களை அழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவு போட்டார். அந்த உத்தரவு 1976-இல்தான் முறைப்படி ரத்து செய்யப்பட்டது. 1844-இல் இல்லினாய் மாநிலச் சிறையில் இருந்த ஜோசப் ஸ்மித்தைக் கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது. மிஞ்சியவர்கள் மூட்டை முடிச்சோடு மேற்கே நடந்து, 1847-இல் உட்டா பாலைவெளியில் குடியேறினார்கள்.

அங்கேயும் விடவில்லை. காரணம் என்ன தெரியுமா? திருமணம். மோர்மன்களிடம் அப்போது பலதார மணம் இருந்தது. அது பெண்களுக்கு நல்லதா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். ஆனால் அதை ஒழிக்க அரசாங்கம் கையாண்ட வழியைப் பாருங்கள். 1879-இல் உச்ச நீதிமன்றம், நம்புவதற்கு உரிமை உண்டு, நம்பியபடி நடப்பதற்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. நூற்றுக்கணக்கான ஆண்கள் சிறைக்குப் போனார்கள். 1887-ஆம் ஆண்டுச் சட்டம் சபையின் சட்ட அங்கீகாரத்தையே கலைத்து, சொத்துகளைப் பறித்தது. உட்டா பெண்களுக்கு 1870 முதல் இருந்த வாக்குரிமையும் அதே சட்டத்தில் போயிற்று. பக்கத்து ஐடஹோவில் மோர்மன் என்றாலே வாக்களிக்க முடியாதபடி ஓர் உறுதிமொழி வைத்தார்கள். அதையும் 1890-இல் உச்ச நீதிமன்றம் சரி என்றது. அந்த ஆண்டே சபைத் தலைவர் வில்பர்ட் உட்ரஃப் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். ஆறு ஆண்டு கழித்து, 1896-இல் உட்டாவுக்கு மாநிலத் தகுதி கிடைத்தது.

உங்கள் திருமணம் திருமணமே இல்லை என்று பெரும்பான்மை சொல்லி, சட்டத்தால் அடித்து நொறுக்கிய சமூகம் அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு 2008-க்கு வாருங்கள்.

அந்த ஆண்டு மே 15-ஆம் தேதி கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தார் திருமணம் செய்துகொள்ள உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஜூனிலிருந்து திருமணங்கள் நடந்தன. அதைத் தடுக்க மாநில அரசியல் சட்டத்தையே திருத்தும் எட்டாம் எண் தீர்மானம், நவம்பர் 4-ஆம் தேதி மக்கள் வாக்குக்கு வந்தது. ஒபாமா வென்ற அதே தேர்தல் நாள்.

மோர்மன் சபைக்கு இந்த விஷயம் புதிதல்ல. 1998-இல் அலாஸ்காவில் இதே போன்ற திருத்தத்துக்கு 5 லட்சம் அமெரிக்க வெள்ளி கொடுத்திருந்தார்கள். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவின் கத்தோலிக்கப் பேராயர் நீடரவர் உதவி கேட்டார். அவர் முன்பு சால்ட் லேக் சிட்டியில் ஆயராக இருந்தவர். யாரிடம் கேட்டால் வேலை நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது!

ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. சபைத் தலைமையின் கடிதம் கலிபோர்னியா முழுக்க வழிபாட்டில் வாசிக்கப்பட்டது. பணமும் நேரமும் கொடுங்கள், உங்களால் முடிந்ததையெல்லாம் செய்யுங்கள் என்றது கடிதம்.

மோர்மன் சபையில் சம்பளம் வாங்கும் உள்ளூர்ப் போதகர் கிடையாது. உங்கள் தெருக் கணக்கரோ பல் மருத்துவரோ அங்கே ஆயராக இருப்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுத்துப் பழகியவர்கள். அதனால் தலைமை ஒரு சொல் சொன்னால் மறுவாரமே ஆள் நிற்கும். தொடக்கத்தில் வீடு வீடாகப் போன தொண்டர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் மோர்மன்கள் என்று பிரசாரத்தை நடத்தியவர்களே பத்திரிகைக்குச் சொன்னார்கள். தீர்மானத்துக்கு ஆதரவாகத் திரண்ட ஏறத்தாழ 4 கோடி அமெரிக்க வெள்ளியில் பாதி வரை மோர்மன் குடும்பங்களின் பணம் என்றும் கணக்கிடப்பட்டது. கலிபோர்னியா மக்களில் அவர்களும் சுமார் இரண்டு விழுக்காடுதான். பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுப்பார்கள் என்ற பயம்தான் தொலைக்காட்சி விளம்பரங்களில் முன்னே நின்றது. எந்தப் பெற்றோரையும் அசைக்கக்கூடிய பயம் அது.

தீர்மானம் 52 விழுக்காடு வாக்கில் வென்றது. 1 கோடியே 34 லட்சம் வாக்கில் வித்தியாசம் ஏறக்குறைய 6 லட்சம். அதற்குள் மணமுடித்திருந்த சுமார் 18,000 இணைகளின் திருமணம் செல்லுமா என்பது மறு ஆண்டு மே மாதம் வரை தெரியவில்லை. செல்லும் என்று நீதிமன்றம் சொல்லும் வரை அந்தக் குடும்பங்கள் எப்படித் தூங்கியிருக்கும்?

வாக்குக் கேட்பதும் நன்கொடை கொடுப்பதும் மோர்மன்களின் உரிமை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு சிறு கூட்டத்தின் குடும்ப வாழ்வு செல்லுமா செல்லாதா என்பதைத் தலை எண்ணி முடிவு செய்தார்கள் பாருங்கள், என் மறுப்பு அதில்தான். தலை எண்ணினால் என்ன ஆகும் என்பது மோர்மன்களுக்குத் தெரியாதா?

அடி திரும்பியும் விழுந்தது. லாஸ் ஏஞ்சல்ஸிலும் சால்ட் லேக் சிட்டியிலும் கோயில்களுக்கு முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் அந்தக் கோயில்களுக்கு வெள்ளைப் பொடி போட்ட உறைகளும் வந்தன. நன்கொடைப் பட்டியலில் பெயர் இருந்ததால் சிலர் வேலையை விட்டு விலக வேண்டி வந்தது. அதே தேர்தலில் கத்தோலிக்கர்களும் மற்றக் கிறிஸ்தவர்களும் பெருமளவில் அதே பக்கம் வாக்களித்தார்கள். கோபம் விழுந்தது சிறிய தலையில். 2010-இல், செலவுக் கணக்கைத் தாமதமாகக் காட்டியதற்காக மாநில ஆணையம் சபைக்கு 5,539 வெள்ளி அபராதம் போட்டது. தொகை சிறியதுதான், பெயர் போனது போனதுதான்.

இதற்குப் பிறகு நடந்ததை அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2009 நவம்பரில் சால்ட் லேக் சிட்டி நகராட்சி, ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கவோ வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றவோ கூடாது என்று விதி கொண்டுவந்தது. சபை நேரில் வந்து அதை ஆதரித்தது. 2015 மார்ச்சில் உட்டா மாநிலம் முழுக்க அது சட்டமானது. மத அமைப்புகளுக்கு விலக்கும் அதே சட்டத்தில் உண்டு. இரு தரப்பும் உட்கார்ந்து பேசி எழுதியது. வேலை, வாடகை வீடு, இந்த இரண்டின் அருமையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உடனே எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 2015 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் ஒரே பாலினத்தார் திருமணத்தை அனுமதித்தது. நவம்பரில் சபை ஒரு விதி போட்டது: அப்படி வாழும் இணைகளுடைய வீட்டுப் பிள்ளைகளுக்கு 18 வயது வரை ஞானஸ்நானம் இல்லை. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளை என்ன செய்யும்? சபைக்குள்ளேயே தாய்மார் அழுதார்கள், பலர் விலகினார்கள். 2019 ஏப்ரலில் அந்த விதியைத் திரும்பப் பெற்றார்கள்.

2022-இல், ஒரே பாலினத்தார் திருமணத்தையும் கலப்பினத் திருமணத்தையும் நாடெங்கும் அங்கீகரிக்கும் கூட்டரசுச் சட்டம் வந்தபோது, மத அமைப்புகளுக்கு அதில் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லி, சபை அதை ஆதரித்தது. தங்கள் போதனை மாறவில்லை என்றும் சேர்த்தே சொன்னது. இன்றைக்கும் மோர்மன் கோயிலில் அத்தகைய திருமணம் நடக்காது. வெளியே பதிவாளர் முன் நடக்கும்.

எட்டாம் தீர்மானம் 2013-லேயே நீதிமன்ற வழக்கில் செயலிழந்துவிட்டது. ஆனாலும் அதன் வாசகம் கலிபோர்னியா அரசியல் சட்டத்தில் 2024 வரை அப்படியே கிடந்தது. அதை எடுக்கவும் மறுபடி வாக்குப் பெட்டிக்குத்தான் போனார்கள். சுமார் 62 விழுக்காட்டினர் எடுத்துவிடலாம் என்றார்கள்.

இனி நீங்கள் கேளுங்கள். பின்வரிசையில் அம்மா ஒருவர் வெகு நேரமாகக் கையைத் தூக்கியபடி இருக்கிறார், அவரிடமிருந்து தொடங்குவோம்.