நெல் வயலுக்கு நடுவே காட்டுயிர்ப் படிப்பு

மயிலாடுதுறையைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் நெல் வயல்தான். யானை இல்லை, புலி இல்லை, பேருக்குக்கூட ஒரு மலை கிடையாது. அந்த ஊரை ஒட்டிய மன்னம்பந்தலில், ஏ.வி.சி. கல்லூரியில், காட்டுயிரியல் பட்டமேற்படிப்பு நடக்கிறது. காடே இல்லாத இடத்தில் காட்டுயிரா என்று சிரிக்கத் தோன்றும்.

ஒரு கூகையைக் கவனித்தால் சிரிப்பு நின்றுவிடும். கூகை எலியைப் பெரும்பாலும் முழுசாகவே விழுங்கும். சதை செரித்த பின், செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். பாழடைந்த கட்டடங்களில், மரப்பொந்துகளின் அடியில் அந்த உருண்டைகள் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி வந்து தண்ணீரில் ஊறவைத்து, இடுக்கியால் மெல்லப் பிரித்தால் குட்டி மண்டையோடு ஒன்று வெளியே வரும். பல்லையும் மண்டை அமைப்பையும் பார்த்தே அது வயல் எலியா, சுண்டெலியா, மூஞ்சூறா என்று சொல்லிவிடலாம். மண்டையோடுகளை எண்ணினால், உழவருக்குக் கூகை செய்த உதவிக்கும் கணக்கு வந்துவிடும்.

பெரிய விலங்கு பார்க்க ஆசையா? கடலோரமாகத் தெற்கே போனால் கோடியக்கரை. 1967-இல் சரணாலயமான இடம். அங்கே வெளிமான் மேயும், பருவத்தில் பூநாரை வந்து இறங்கும். மலைதான் வேண்டும் என்பவருக்கு உதகை அரசு கலைக் கல்லூரியிலும் இந்தப் படிப்பு உண்டு.

காட்டுக்குள் போனால் கணக்குப் பாடத்திலிருந்து தப்பலாம் என்று சேர்ந்தவர்கள்தான் பாவம். நடந்து நடந்து எண்ணிய மான்களைப் புள்ளியியலில் போட்டுத்தான் மொத்தம் எத்தனை என்று சொல்ல வேண்டும்.