வைக்கோல் போருக்கும் வாசலுக்கும் நடுவே



காட்டுத் தீ என்றதும் நமக்குத் தேனி மாவட்டத்துக் குரங்கணி நினைவுக்கு வரும். 2018 மார்ச் 11ஆம் தேதி அங்கே மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் இறந்தார்கள். நம் புதுச்சேரியின் வில்லியனூரிலும் பாகூரிலும் மலையும் இல்லை, பெருங்காடும் இல்லை. அதனால் அந்தத் தீ நம் பக்கம் வராது என்று இருந்துவிடுகிறோம்.

சித்திரை மாதத்தில் பகல் இரண்டு மணிக்குப் பாகூர்ப் பக்கம் ஒரு வரப்பில் நின்று பாருங்கள். நவரை அறுவடை முடிந்த வயலில் தாள் காய்ந்து கிடக்கும். அடுத்த வயலில் கரும்பு வெட்டிய பிறகு மிஞ்சிய சோகை. வரப்போரம் சருகான கோரை. அதைத் தாண்டினால் வைக்கோல் போர், போரை அடுத்து மாட்டுக் கொட்டகை, கொட்டகையை ஒட்டிக் கீற்று வீடு. வயலில் விழுந்த ஒரு பொறி வீட்டுக்கூரை வரை வருவதற்கு வழி போட்டு வைத்ததுபோல் இருக்கும்.

ஹவாய்த் தீவுகளில் லஹைனா என்று ஒரு ஊர். கரும்புத் தோட்டங்களால் வளர்ந்த ஊர். தோட்டங்கள் மூடப்பட்டபின் தரிசாய்க் கிடந்த நிலத்தில் புல் மண்டிக் காய்ந்தது. 2023 ஆகஸ்ட் 8ஆம் தேதி காலையில் மின்கம்பியிலிருந்து தீப்பிடித்தது. அணைத்துவிட்டோம் என்று நம்பித் திரும்பினார்கள். சாம்பலுக்கடியில் கனன்ற தணல் பிற்பகல் பெருங்காற்றில் மறுபடி பற்றிக்கொண்டு ஊரையே எரித்தது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். கரும்பு நிலம், மின்கம்பி, பாதி அணைந்த தணல் ஆகிய மூன்றும் நம் ஊரிலும் உண்டு.

மாடி வீட்டுக்குப் பக்கத்தில் தீப்பிடித்தால் சுவர் கரியாகும்; வெள்ளையடித்தால் சரியாகிவிடும். கீற்று வீட்டில் அப்படியில்லை. கூரையோடு ரேஷன் அட்டை, மனைப்பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், கூலியில் மிச்சம் பிடித்த பணம் எல்லாம் போய்விடும். பகலில் தீப்பிடித்தால் வேலைக்குப் போகக்கூடியவர்கள் வயலில் இருப்பார்கள். வீட்டில் இருப்பது நடக்கமுடியாத பாட்டியும் தொட்டில் பிள்ளையும்தான். கீற்று எவ்வளவு வேகமாக எரியும் என்பதைக் கும்பகோணம் நமக்குக் காட்டியது. 2004 ஜூலை 16ஆம் தேதி சமையலறையில் பிடித்த தீ பள்ளியின் கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பறித்துக்கொண்டது.

தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்தாலும் வந்துசேரச் சற்று நேரமாகும். பெரிய தெருவுக்குள் வருகிற வண்டி, காலனியின் குறுகிய சந்துக்குள் திரும்புமா என்பதும் ஐயம்தான். ஆகவே முதல் பத்து நிமிடத்துக்குத் தெரு ஆட்கள்தான் தீயணைப்புப் படை. வருமுன் காத்துக்கொள்ளாதவனின் வாழ்க்கைக்கு உவமை தேடிய வள்ளுவர், நெருப்புக்கு எதிரே இருக்கும் வைக்கோல் போரைத்தான் எடுத்துக் காட்டினார்.

முதலில் அந்தப் போரைப் பற்றியே பேசுவோம். போரை வீட்டிலிருந்து தள்ளிப் போடுங்கள் என்று சொல்லிவிடலாம். மூன்று சென்ட் மனைக்காரர் எங்கே தள்ளிப் போடுவார்? ஊர்க்களத்திலோ பொது இடத்திலோ எல்லாருக்குமாக ஒரு மூலையை ஒதுக்கித் தரவேண்டியது ஊரின் பொறுப்பு. போருக்கும் வீடுகளுக்கும் நடுவே இரண்டு மூன்று சால் உழுது வெறும் மண்ணாக விட்டாலே தரையில் பரவிவரும் தீ அங்கே தடைபடும்.

தாளையும் சோகையையும் கொளுத்தாமல் இருப்பதே நல்லது. வைக்கோலைக் கட்டாகக் கட்டினால் தீவனத்துக்கு விலை போகும். சோகையை மறுதாம்புக் கரும்பின் பாருக்கு நடுவே பரப்பினால் ஈரம் நிற்கும், களை அடங்கும், மண்ணுக்கும் எரு. குப்பையிலோ வயலிலோ எங்கே தீப்பிடித்தாலும், அணைந்தபின் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சூடு இல்லை என்று தெரிந்த பிறகே திரும்புங்கள். அடுப்புச் சாம்பலுக்கும் இதுதான்.

வீட்டுக்குள், அடுப்புக்கு மேலே கீற்று தாழ்ந்திருந்தால் நடுவில் ஒரு தகரம் கட்டுங்கள். கூரையை உரசும் மின்கம்பியை மின்துறையிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, சான்றிதழ்களை ஒரே பையில் போட்டு வாசலுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். நகலை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

தெருமுனையில் ஒரு டிரம் தண்ணீர், மணல் நிரப்பிய வாளிகள், நனைத்துப் போடச் சாக்குகள், பக்கத்துக் கூரையின் கீற்றைப் பிடித்திழுக்க நீண்ட துறட்டிகள் இரண்டு: பெரும் செலவு இல்லை. எந்த வீட்டில் நடக்கமுடியாதவர் இருக்கிறார், அவரை யார் தூக்கிவருவது என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். தீ கண்ணில் பட்டதும் ஒருவர் 101க்கோ 112க்கோ பேசட்டும், ஒருவர் மின்சாரத்தை நிறுத்தட்டும், மற்றவர்கள் முதலில் ஆட்களை வெளியேற்றட்டும். பொருளுக்காக எரிகிற வீட்டுக்குள் யாரும் திரும்பிப் போகவேண்டாம்.

கீற்றுக்கு நிரந்தர மாற்று கல்வீடுதான். அரசின் வீடு கட்டும் திட்டங்களுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாத குடும்பங்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. படித்த பிள்ளைகள் அவர்களுக்கு எழுதிக் கொடுத்து, அலுவலகம் வரை கூடவே போய்வந்தால் அதுவும் தீயைத் தடுக்கிற வேலைதான். கொம்யூன் பஞ்சாயத்திடமும் சந்துகளில் தண்ணீர்க்குழாய், வண்டி வந்துபோகும் வழி என்று உரிமையோடு கேளுங்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் தேதி தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது. 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலில் தீயணைக்கப் போய் உயிர்விட்ட வீரர்களின் நினைவாக அது நடக்கிறது. பெரும்பாலும் அன்றுதான் நமக்குச் சித்திரை முதல் நாள். அந்த வாரத்தில் தீயணைப்பு நிலையத்துக்காரர்களை உங்கள் தெருவுக்கு அழைத்து ஒத்திகை காட்டச் சொல்லுங்கள். பகலில் வீட்டில் இருக்கும் பெண்களும் முதியவர்களும் முன்வரிசையில் நிற்கட்டும். வேப்பம்பூப் பச்சடி வைத்துக் கும்பிட்ட கையோடு, அன்று மாலையே தெருமுனை டிரம்மில் ஆளுக்கொரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.