ஒரு குளிசைக்குள் மூன்று மருந்து

குருதியமுக்கக் கூட்டுக் குளிசைகளைத் திரவக் குரோமட்டோகிராபியால் அளப்பது பற்றிப் பேச ஆரையம்பதியில் கூடியிருக்கிறோம். இந்தப் பணியை நம் மடியில் போட்டது நமது நாட்டில் நடந்த ஆய்வுதான். 2018இல் வெளியான ‘டிரையம்ப்’ ஆய்வு இலங்கையின் 11 மருத்துவமனைக் கிளினிக்குகளில் 700 பேரிடம் நடந்தது. டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம் சேர்ந்த ஒரே குளிசையைப் பெற்றவர்களில் 70 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்தில் அமுக்கம் இலக்குக்கு வந்தது. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கே வந்தது. மருத்துவர்கள் மகிழட்டும், பகுப்பாய்வாளருக்கு வேலை கூடிவிட்டது. தனித்தனிக் குளிசை என்றால் சந்தேகத்துக்குரிய ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். மூன்றும் ஒன்றான பின் அமுக்கம் இறங்காவிட்டால், எந்த மருந்து குறைந்தது என்பதைக் கிளினிக்கில் எவராலும் சொல்ல முடியாது. குளிசையில் சேர்த்ததை ஆய்வுகூடம் பிரித்துக் காட்டியே ஆகவேண்டும்.

அதுவும் குளிசை குளிசையாக. இருபதை ஒன்றாக அரைத்து எடுக்கும் சராசரி ஒழுங்காகவே இருக்கும். ஒன்றில் அம்லோடிபின் கூடியும் இன்னொன்றில் குறைந்தும் இருப்பதை அது மறைத்துவிடும். 25 மில்லிகிராமுக்குக் குறைந்த மருந்துகளுக்கு உள்ளடக்கச் சீர்மையைப் பார்க்க வேண்டும் என்பது மருந்து நூல்களின் விதி. இந்தக் குளிசையின் மூன்று மருந்துகளும் அந்த வரம்புக்குள் வருகின்றன.

இதற்கு விலையுயர்ந்த கருவி ஏன், அசெற்றோநைத்திரைல் கரைப்பான் வாங்கவே காசில்லாத நாட்டில் ஊதாகடந்த நிறமாலைமானியும் சமன்பாடுகளும் போதாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அம்லோடிபினுக்கு அது ஓரளவு உதவும்: ஒளிபட்டு ஒட்சியேறிப் பிரிடின் வழிப்பொருளாக மாறிய பங்கு 360 நனோமீற்றரில் உறிஞ்சுவதில்லை. குளோர்தாலிடோனுக்கு அந்த வசதி இல்லை. அதன் உறிஞ்சல் நலிந்தது. டெல்மிசார்டனின் வலுவான உறிஞ்சல் அதை மூடிவிடுகிறது. சமன்பாட்டில் சிறு பிழை நேர்ந்தாலும் சுமை முழுவதும் அதன் தலையில்தான் விழும். C18 நிரலில் அமிலத் தாங்கற் கரைசலோடு ஓடவிட்டால் மூன்றும் வெவ்வேறு நேரத்தில் வெளிவருகின்றன. சிதைவுப் பொருள்களும் தனியே வருகின்றனவா என்பதை வலிந்து சிதைத்த மாதிரிகளைக் கொண்டு நிரூபிக்க வேண்டும். அதைச் செய்யாத முறையை நான் ஏற்கமாட்டேன்.

உற்பத்தியாளர் சான்றிதழ் இருக்கும்போது இங்கே எதற்கு மறுபடி அளப்பது என்பது இன்னொரு வாதம். சான்றிதழ் பேசுவது தொழிற்சாலையில் இருந்த குளிசையைப் பற்றி. டெல்மிசார்டன் நடுநிலைக் கரைசலில் கரைய மறுப்பதால் அதனோடு காரம் சேர்க்கிறார்கள்; அந்தக் காரம் ஈரத்தை இழுக்கும், அருகிலிருக்கும் அம்லோடிபினையும் கெடுக்கும். இரண்டையும் ஈரடுக்குக் குளிசையாக அழுத்துவது இதனால்தான். உண்ணும் நேரம்வரை படல உறையிலிருந்து எடுக்கவேண்டாம் என்று டெல்மிசார்டன் பெட்டிகளில் எழுதியிருப்பதற்கும் ஈரமே காரணம். நமது கிளினிக்குகளிலோ குளிசைகளை எண்ணிக் கடதாசி உறையில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் உண்டு. வாவிக்கரை வீட்டில், மாரிகால ஈரக்காற்றில் அந்த உறை ஒரு மாதம் கிடந்தால் மூன்று மருந்தில் எது எவ்வளவு மிஞ்சும்? அந்த உறைகளிலிருந்து எடுத்த குளிசைகளை வாராவாரம் அளந்த அட்டவணை ஒன்றை இந்த அரங்கு அடுத்த கூட்டத்துக்குள் தயாரிக்க வேண்டும். முதற்கட்டுரையாளரை அழைக்கிறேன்.