வலிக்கு ஒரு வார்த்தை

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனை சார்பில் ஆற்றிய உரை)



"கம்ப்யூட்டரே எல்லா மொழியும் பேசுகிறதே, வார்டில் மொழிபெயர்ப்பதற்கு ஆட்களுக்குச் சம்பளம் ஏன்?" என்று தங்களில் சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். காணிக்கை கொடுக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். சிறுநீரகப் புற்றுநோய் அறுவைசிகிச்சையை வைத்தே பதில் சொல்ல விரும்புகிறோம்.

1869இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் குஸ்தாவ் சிமோன் ஒரு பெண்ணின் சிறுநீரகம் ஒன்றை எடுத்தார். அவர் மற்றொன்றோடு பிழைத்துக்கொண்டார். 1887இல் அதே நகரில் வின்சென்ஸ் செர்னி, கட்டி இருந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார். இன்றும் 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி என்றால் கூடுமானவரை சிறுநீரகத்தைக் காப்பாற்றவே பார்க்கிறோம். பெரும்பாலும் இரத்தக்குழாயில் இடுக்கி போட்டு, அரைமணிக்குள் வெட்டித் தைத்தாக வேண்டும். ஸ்கேன் படத்தில் கட்டியின் எல்லையைக் குறிக்கக் கணினி நன்றாகவே உதவும். அதை மனதார வரவேற்கிறோம்.

அறுவை முடிந்த இரவுதான் வேறு விஷயம். விலாப்புறத்தில் தையல். நோயாளி மூச்சை ஆழமாக இழுக்க வேண்டும், இருமிச் சளியைத் துப்ப வேண்டும். வலிக்குப் பயந்து அடக்கிக்கொண்டால் நிமோனியா வரலாம். "வலிக்கிறது" என்ற ஒரு சொல் எங்களுக்குப் போதாது. எரிகிறதா, குத்துகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா, காற்றுப் பிரியாமல் வயிறு உப்புகிறதா? தையல் வலி வேறு, உள்ளே இரத்தம் கசிவதால் வரும் வலி வேறு.

இந்த வார்த்தைகளைக் குழந்தை எப்படிக் கற்றது? கேட்டதைச் சொல்லி, பாராட்டுப் பெற்றுப் பழகுகிறது என்று 1957இல் ஸ்கின்னர் எழுதினார். கேட்டிராத வாக்கியத்தையும் அது பேசுகிறதே என்று 1959இல் சோம்ஸ்கி மறுத்தார்; மொழிக்கான அமைப்பு பிறவியிலேயே இருக்கிறது என்பது அவர் கட்சி. தாயும் பிள்ளையும் ஒரே பொருளைச் சேர்ந்து பார்ப்பதில்தான் சொல் பிறக்கிறது என்கிறார் டோமசெல்லோ. வார்டில் வேலை செய்கிற எங்களுக்கு இவர் சொல்வதே பிடித்திருக்கிறது.

பன்னிரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளை கேட்கும் சொற்கள் பத்துக் கோடிக்குள் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பு. 2020இல் வந்த ஜி.பி.டி.-3 என்ற இயந்திரத்துக்கு ஏறத்தாழ 30,000 கோடி சொற்துண்டுகள் ஊட்டப்பட்டன. அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிப்பதே அதன் படிப்பு. பிள்ளையோ முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதபோது, தாய் ஊதிவிட்டு "எரியுதா கண்ணு?" என்று கேட்டாள். அதோடு அந்தச் சொல் பிள்ளைக்குச் சொந்தமாகிவிட்டது.

வேலூர் போன்ற ஊர்களின் மிஷன் மருத்துவமனைகளுக்கு மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருவது தாங்கள் அறிந்ததே. வங்காளத்தை இயந்திரம் ஓரளவு சமாளிக்கும். அச்சில் அதிகம் வராத மலைமக்கள் மொழிகளில் தடுமாறுகிறது. அது படிக்கப் போதிய புத்தகங்கள் இல்லை. அங்கே, "இந்த வலி பிள்ளை பெற்ற வலி போலவா, பல் வலி போலவா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்க, அதே மொழியில் வளர்ந்த ஒருவர் வேண்டும்.

இரவு ஷிப்டில் அப்படி இருவரை வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு தங்களிடம் நாங்கள் கேட்பது அவர்களுடைய மாதச் சம்பளம்.