மாதம் பிறந்தால் வரும் பணிகள்

தை பிறக்கப் போகிறது என்றால், புனேயிலும் குருகிராமத்திலும் பெங்களூரிலும் கணக்குப் பிரிவுகளில் பணிபுரியும் நம்மவர் பலருக்கு மகிழ்ச்சியோடு ஒரு கலக்கமும் பிறக்கிறது. ஜனவரி 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 15ஆம் தேதி சேமநிதித் தொகை, 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி. பொங்கலோ 14 அல்லது 15இல் வருகிறது. செய்ய வேண்டியவற்றின் பட்டியல் எவருடைய தலையில் இருக்கிறதோ, அவர் ரயிலேற முடிவதில்லை.

பட்டியல் சிறிதன்று. ஜி.எஸ்.டி. பதிவு மாநிலந்தோறும் தனித்தனியே இருக்க வேண்டும். ஒன்பது மாநிலங்களில் கிளை வைத்த ஒரு நிறுவனத்தில் மாநிலத்துக்கு ஏழு பணிகள் என்று கொள்வோம்: மாதம் 63, ஆண்டுக்கு 756. இவற்றை ஜிரா, ரெட்மைன் போன்ற மென்பொருள்களில் பணிச்சீட்டுகளாகப் பதிந்து, பொறுப்பாளரையும் கெடுவையும் குறிப்பது இன்றைய வழக்கம். ஒவ்வொன்றாகக் கையால் பதிபவர் மாதத்தின் முதல் நாளை அதிலேயே கழிக்கிறார். அறுபதாவது சீட்டில் கை தவறுகிறது.

இதற்கு எளிய வழி எக்செல் தாள். பணிகளை வரிசையாக எழுதி, சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்து, மென்பொருளில் ஒரே வீச்சில் ஏற்றிவிடலாம். அடுத்த மாதம் தேதிகளை மட்டும் மாற்றினால் போதும். அதனினும் மேலானது, கால அட்டவணைப்படி தானே இயங்கும் விதி. மாதத்தின் முதல் நாள் இன்ன நேரத்தில் இன்ன மாதிரிப் படிவத்திலிருந்து இத்தனை சீட்டுகளைப் படைக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதி வைத்தால், பின்னர் எவரும் பொத்தானை அழுத்த வேண்டுவதில்லை. இத்தகைய அட்டவணைக்கு யூனிக்ஸ் கணினிகளில் 1970களிலேயே கிரான் என்ற ஏற்பாடு தோன்றிவிட்டது. ஆகவே இதனைப் புதுமை என்று அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. நாம் அறிந்த ஓர் அலுவலகத்தில் விதியை முதல் தேதி நள்ளிரவு கழிந்து அரைமணிக்கு இயங்கும்படி அமைத்தார்கள். சீட்டுகள் தவறாமல் வந்தன. ஆனால் அவை அனைத்திலும் கழிந்துபோன மாதத்தின் பெயரே இருந்தது! கணினி உலகப் பொது நேரத்தைப் பின்பற்றியது. நமது நேரமோ அதற்கு ஐந்தரை மணி முந்தியது. அங்கே இன்னும் முதல் தேதி பிறக்கவில்லை. விதி தவறிவிட்டதென்று எண்ணிய ஒருவர் அதனை மறுபடி இயக்கினார். ஒவ்வொரு பணிக்கும் இரண்டு சீட்டுகள் ஆயின. ஒரு சீட்டை முடித்தவர், மற்றதைப் பிறர் முடிப்பார் என்று விட்டார். அந்தப் பிறரும் அவ்வாறே எண்ணினார்.

ஒவ்வொரு சீட்டுக்கும் மாதமும் மாநிலமும் பணியும் சேர்ந்த ஓர் அடையாளத்தை இட்டு, அதே அடையாளமுள்ள சீட்டு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்த பின்னரே புதியதைப் படைக்குமாறு விதியை எழுதியிருந்தால் இவ்விரட்டிப்பு நேர்ந்திராது. விதியில் ஒரு வரி கூடுகிறது, அவ்வளவே.

விதிவிலக்குகளோ இன்னும் நுட்பமானவை. பிடித்தம் செய்த வருமான வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. இதனைப் பழகிய குமாஸ்தா அறிவார்; எழுதி வைத்தாலன்றி இயந்திரம் அறியாது. வேலையை விட்டுச் சென்றவர் பெயருக்கே அது மாதாமாதம் சீட்டு எழுதிக்கொண்டிருப்பதும் உண்டு. ஆதலால் பொறுப்பாளராக ஆளின் பெயரைப் படிவத்தில் பதிக்காமல் பதவியைக் குறித்து, அப்பதவியில் இருப்பவர் யார் என்பதை ஓரிடத்தில் மட்டும் வைப்பது நலம். ஒவ்வொரு பணிக்கும் கீழே, வேண்டிய தாள் எங்கிருந்து வரும், யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். இவ்வேலை சலிப்பூட்டும், தலைப்பை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடத் தோன்றும். தலைப்பு மட்டுமுள்ள 63 சீட்டுகள் வந்தால், விளக்கம் கேட்டு 63 முறை உங்கள் தொலைபேசிதான் ஒலிக்கும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னதாகத் தொடங்குகிறது. பொங்கலுக்குரிய சீட்டு நவம்பர் நடுவிலேயே தீர்ந்துவிடும். ஆகையால் நவம்பர் முதல் தேதியன்று விதி இயங்கும்போது, பட்டியலை அறிந்தவர் ஒதுங்கி அமர்ந்து, மற்றவர் அச்சீட்டுகளைக் கொண்டே 11ஆம் தேதி வரை வேலையை நடத்துவதைப் பார்க்கட்டும். அவரிடம் வந்து கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியும் படிவத்தில் விடுபட்ட ஒரு வரி. அவற்றைச் சேர்த்துவிட்டு, 12ஆம் தேதி ஊருக்குச் சீட்டு எடுக்கலாம்.