நீங்க எழுதின கோடு யாருக்குச் சொந்தம்?

கொரட்டூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, அம்பத்தூர் எஸ்டேட்ல ஐடி கம்பெனியில இருக்கேன். ராத்திரி ஒரு ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டுக்குக் கோடு எழுதி அனுப்புறேன். திடீர்னு சிஎல்ஏன்னு (பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம்) ஒரு படிவத்துல ஒப்புக்கச் சொல்றாங்க. யாருக்கும் சொந்தமில்லாததுக்கு எதுக்குண்ணா படிவம்?"

சொந்தக்காரர் இல்லாம இல்லை. நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டத்துல கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். கவிதைக்கு இருக்கிற உரிமையே அதுக்கும். எழுதினவருக்குத்தான் சொந்தம். சம்பள வேலையா எழுதினா கம்பெனிக்குப் போயிடும். அதனால முதல்ல உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. ஜிபிஎல், எம்ஐடி மாதிரி ஓப்பன் சோர்ஸ் உரிமம் எல்லாம் சொந்தக்காரர் நிபந்தனையோட கொடுக்கிற அனுமதி, அவ்வளவுதான்.

கவிதைன்னு சொன்னேன் இல்லையா? ஒருத்தர் எழுத்தோட உரிமை கைமாறிப் போனா என்ன ஆகும்னு பாரதி விஷயத்துல பாத்தாச்சு. 1921-ல அவர் போனதுக்கப்புறம் புத்தக உரிமை தம்பி விசுவநாதன்கிட்டப் போச்சு. பாட்டை இசையா ஒலிக்கவிடுற உரிமை தனியாப் பிரிஞ்சு, விலைபோய், கடைசியில ஏவி.எம். மெய்யப்ப செட்டியார் கைக்கு வந்துச்சு. 1947-ல அவரோட 'நாம் இருவர்' படத்துல டி.கே.பட்டம்மாள் பாரதி பாட்டுப் பாடினாங்க. மறுவருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்துல பாரதி பாட்டு வெச்சப்போ, உரிமை எங்களோடதுன்னு ஏவி.எம். தரப்பு சட்டப்படி தடுக்கப் பாத்தது. நாடே பாடின கவிஞரோட பாட்டை ஒரு தமிழ்ப் படத்துல வைக்க இன்னொரு படக் கம்பெனிகிட்ட அனுமதி கேக்கணும்! சட்டப்படி சரிதான், எனக்கு இன்னிக்கும் ஆறலை.

எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன், டி.கே.எஸ். சகோதரர்கள்ல ஒருத்தரான டி.கே.சண்முகம் மாதிரி ஆளுங்க பாரதி பாட்டைப் பொதுவாக்கணும்னு கிளம்பி, பாரதியோட மனைவி செல்லம்மாளோட சம்மதத்தையும் வாங்கிட்டு வந்தாங்க. செட்டியார் பணம் வாங்காமலே தன் உரிமையை விட்டுக் கொடுத்தார், அதைச் சொல்லியே ஆகணும். 1949-ல சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கிட்டது. அப்புறம் அது மக்களுக்கே பொதுவாச்சு. அரசு கொடுத்த தொகை? விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் ரெண்டு பொண்ணுங்களுக்கும் தலா 5,000. கஷ்டத்தைக் கூட இருந்து சுமந்த மனைவியைவிடப் பத்திரம் வெச்சிருந்தவருக்கு மூணு மடங்கு.

இப்ப உங்க படிவத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்ட்ல ஹாஷிகார்ப் கம்பெனி, தன்னோட டெராஃபார்ம் மென்பொருளை ஓப்பன் சோர்ஸ் உரிமத்திலிருந்து எடுத்துக் கட்டுப்பாடுள்ள உரிமத்துக்கு மாத்திச்சு. வெளியாட்கள் எழுதின கோடுக்கும் சேர்த்து அப்படி மாத்த முடிஞ்சது, அவங்ககிட்ட ஏற்கெனவே சிஎல்ஏ வாங்கி வெச்சிருந்ததால. பழைய கோடை எடுத்து ஓப்பன்டோஃபுன்னு தனியாப் பிரிஞ்சுதான் மத்தவங்க தொடர வேண்டியிருந்தது. லினக்ஸ் கெர்னல்ல அது நடக்காது. உரிமை ஆயிரக்கணக்கான பேர்கிட்டச் சிதறிக் கிடக்கு, அத்தனை பேரும் சம்மதிச்சாத்தான் மாத்தலாம். அங்க 2004-லேருந்து, "இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கு"ன்னு ஒவ்வொரு மாற்றத்துக்கும் கீழே 'சைன்ட் ஆஃப் பை'ன்னு பேர் போட்டா போதும். பெரும்பாலான புராஜெக்ட்டுக்கு இதுவே போதும்ங்கிறது என் கட்சி.

அதனால தம்பி, படிவத்துல உரிமையை மாத்திக் கொடுக்கிறதா இருக்கா, வேற உரிமத்துல வெளியிடவும் அனுமதி கேக்குதான்னு பாருங்க. நம்ம சட்டத்துல காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 வருஷத்துக்குத்தான் செல்லும், அதனால காலத்தைச் சொல்ற வரி இருக்கான்னும் தேடுங்க. முதல்ல சொன்ன ரெண்டுல எது இருந்தாலும், உரிமத்தை மூட மாட்டோம்னு எழுத்துல கொடுப்பீங்களான்னு கேட்டு ஒரு மெயில் போடுங்க. பதில் வந்த பிறகு ஒப்புக்கலாம்.